படச்சுருளிலிருந்து நீதிமன்றம்வரை: ஆனந்த் பட்வர்தனின் ஆவணப்படங்கள்

சுதந்திர இந்தியாவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் ஆவணப்படத் தயாரிப்பு பெரும்பாலும் அரசின் கையிலேயே இருந்தது. 1948இல் நிறுவப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த அணைக்கட்டுப் படங்களும், குடும்பக் கட்டுப்பாட்டுப் படங்களும், வெள்ள நிவாரணச் செய்திச்சுருள்களும் திரையரங்குகளில் கதைப்படத்துக்கு முன்னால் ஓட்டப்பட வேண்டும் என்பது உரிம நிபந்தனையாக இருந்தது. ‘நியூஸ் ரீல்’ முடியட்டும் என்று வெளியே நின்று பீடி வலித்த தலைமுறை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அரசே எடுத்து, அரசே சான்றளித்து, அரசாணையின் பலத்தில் காட்டப்பட்ட இவ்வகைப் படங்களுக்கு வெளியே, அரசையும் சமூகத்தையும் கேள்விக்கு உட்படுத்தும் ஆவணப்படத்தை எடுக்க முடியுமா, எடுத்தாலும் அதை யாருக்கு, எங்கே காட்டுவது என்ற இரட்டைச் சிக்கலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடைதேடியவர் ஆனந்த் பட்வர்தன். அவரைப் பற்றி எழுதுவோர் பலர் அச்சிக்கலின் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். ஒவ்வொரு படத்தையும் பார்வையாளரிடம் கொண்டுசேர்க்க அவர் நடத்திய வழக்குகளும் குடிசைப்பகுதித் திரையிடல்களுமே இந்திய ஆவணப்பட வரலாற்றில் அவருடைய தனித்த பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1950இல் பம்பாயில் பிறந்த பட்வர்தன், விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். சோசலிஸ்டுத் தலைவர் அச்யுத் பட்வர்தன் அவருக்குப் பெரியப்பா முறை. தாய் நிர்மலா சாந்திநிகேதனில் பயின்ற மட்பாண்டக் கலைஞர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் படித்த அவர், அங்கே வியட்நாம் போர் எதிர்ப்பு இயக்கத்திலும், சீசர் சாவேஸ் தலைமையிலான பண்ணைத் தொழிலாளர் சங்கத்திலும் தொண்டராக இருந்தார். 1972இல் இந்தியா திரும்பி மத்தியப் பிரதேசத்தில் கிஷோர் பாரதி என்ற கிராம வளர்ச்சித் திட்டத்தில் பணியாற்றிய பின்னரே அவர் பீகாருக்குச் சென்றார். திரைப்படக் கல்லூரி எதிலும் பயிலாமல், இயக்கங்களின் உள்ளிருந்து கேமராவை வந்தடைந்தவர் என்பதை அவருடைய படங்களின் நிறைகுறைகள் இரண்டும் காட்டுகின்றன.

1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் தலைமையில் பீகாரில் எழுந்த ஊழல் எதிர்ப்பு இயக்கத்தைப் பதிவு செய்ய அவரிடம் முறையான கருவிகள் இல்லை. வீட்டு விழாக்களைப் படம்பிடிப்பதற்கென்று விற்கப்பட்ட சூப்பர் 8 என்ற சிறிய வகைக் கேமராவில் எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட்டி, அத்திரையையே 16 மி.மீ. கேமராவால் மறுபடி படம்பிடித்து, அரைமணி நேரம் ஓடும் ‘கிராந்தி கீ தரங்கேன்’ (புரட்சியின் அலைகள்) என்ற முதற்படத்தை உருவாக்கினார். படம் முடிந்த 1975இலேயே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதால் அது தலைமறைவுப் படமாயிற்று. பிரதியைத் துண்டுதுண்டாக வெட்டி, தனித்தனியே வெளிநாட்டுக்குக் கடத்தி, கனடாவில் மீண்டும் ஒட்டிச் சேர்த்துத் திரையிட வேண்டியிருந்தது. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருளே இந்தத் தலைமறைவு அனுபவம்தான். 1960களின் இறுதியில் லத்தீன் அமெரிக்க இயக்குநர்கள் முன்வைத்த ‘மூன்றாம் சினிமா’ என்ற கருத்து, அதாவது ஹாலிவுட்டின் வணிகப்படத்துக்கும் ஐரோப்பாவின் தனிக்கலைஞர் படத்துக்கும் மாற்றாக, மக்கள் போராட்டத்தின் ஒரு கருவியாகவே படம் எடுக்கப்பட்டுக் காட்டப்பட வேண்டும் என்ற வாதம், அவருடைய செயல்முறையோடு நெருங்கிய உறவுடையது. அக்கருத்தின்படி படம் எடுத்து முடித்தால் வேலை பாதிதான் முடிகிறது. கூடிப் பார்ப்பதும் பார்த்தபின் விவாதிப்பதும் மறுபாதி.

நெருக்கடி நிலை முடிந்தபின் வந்த ‘ஜமீர் கே பந்தி’ (மனச்சாட்சியின் கைதிகள், 1978) அரசியல் கைதிகள் நெருக்கடி நிலைக்கு முன்பும் இருந்தனர், பின்பும் இருக்கின்றனர் என்று காட்டியது. இந்திரா காந்தியின் தோல்வியோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று நம்ப விரும்பிய புதிய ஆட்சியாளருக்கும் அது உவப்பாக இருந்திருக்க முடியாது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதற்கு எதிரணியில் நிற்கும் அவருடைய வழக்கம் இப்படத்திலேயே தொடங்கிவிட்டது.

அவருடைய முறை முழுமை பெற்ற படம் 1985இல் வெளிவந்த ‘ஹமாரா ஷஹர்’ (நமது நகரம்). 1981இல் மராட்டிய முதலமைச்சர் அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகளை வெளியேற்றி அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்ப ஆணையிட்டார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் 1961இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவரும் இருந்தார். 1985இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று ஒப்புக்கொண்டு, அதே வேளையில் முன்னறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் வழிவிட்டது. இந்தச் சூழலில் எடுக்கப்பட்ட படம், நகராட்சியின் ஆட்கள் குடிசைகளைப் பிடுங்கி எறியும் காட்சிகளையும், நகரம் அசுத்தமாகிவிட்டதென்று மாடிவீடுகளிலிருந்து வருந்தும் வசதி படைத்தோரின் பேச்சையும் அடுத்தடுத்து வைக்கிறது. அந்த மாடிகளைக் கட்டிய கைகள் எவருடையவை என்பதை வர்ணனைக் குரல் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. படத்தின் மிக வலிய இடம் வேறொன்று. வீடிழந்து நிற்கும் பெண்ணொருவர் கேமராவை நோக்கித் திரும்பி, ஏழைகளைப் படம்பிடித்துப் பெயர் வாங்கிக்கொள்வதைத் தவிர உங்களால் எங்களுக்கு என்ன செய்ய முடியும் என்ற பொருளில் இயக்குநரையே சாடுகிறார். வேறொருவர் வெட்டி எறிந்திருக்கக்கூடிய அந்தத் துண்டைப் பட்வர்தன் படத்தில் அப்படியே வைத்திருக்கிறார். அவருடைய விடை படத்துக்கு வெளியே வந்தது: 1986இல் சஞ்சய் காந்தி நகர்க் குடிசைகள் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தவர்களோடும் நடிகை ஷபனா ஆஸ்மியோடும் சேர்ந்து அவர் உண்ணாவிரதம் இருந்தார், மக்களுக்கு நகரின் புறப்பகுதியில் மாற்றிடம் கிடைத்தது. அதே ஆண்டு அப்படத்துக்குச் சிறந்த கதைசாராப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

பட்வர்தனின் பிற்கால வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்தியத் தணிக்கைச் சட்டத்தைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி, பொதுமக்களுக்குத் திரையிடப்படும் எந்தப் படமும் முன்கூட்டியே தணிக்கை வாரியத்தின் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் இல்லாத இக்கட்டுப்பாடு சினிமாவுக்கு மட்டும் ஏன் என்று கேட்டு வழக்குத் தொடுத்தவர் கே. ஏ. அப்பாஸ். அவர் எடுத்ததும் ஓர் ஆவணப்படமே. 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அசையும் படம் மற்றக் கலைகளைவிட உணர்ச்சியை ஆழமாகக் கிளறக்கூடியது என்ற காரணத்தால் முன்தணிக்கை செல்லும் என்றது. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப்படம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், கலவரம் மூளும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை நசுக்குவது சட்டத்தின் ஆட்சியைப் பணயம் வைப்பதாகும், வன்முறையைத் தடுப்பதே அரசின் கடமை என்று கூறியது. இட ஒதுக்கீட்டைக் குறைகூறிய அப்படத்தின் கருத்தைப் பட்வர்தனைப் போன்றவர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆயினும் அதற்குக் கிடைத்த பாதுகாப்புதான் அவர்களுக்கும் கேடயமாயிற்று. ஒருபுறம் சான்றிதழ் இன்றிக் காட்ட முடியாது, மறுபுறம் சான்றிதழ் பெற்றதைக் காட்டாமல் தடுக்கவும் எளிதில் முடியாது என்ற இந்த இடைவெளியில்தான் அவர் தம் உத்தியை அமைத்துக்கொண்டார். படத்துக்குச் சான்றிதழ் பெறுவது, தேசிய விருதுக்கு அனுப்புவது, விருது கிடைத்ததும் அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் ஒளிபரப்பக் கோருவது, மறுத்தால் நீதிமன்றம் செல்வது. விருது கொடுத்த அரசும் ஒளிபரப்ப மறுக்கும் அரசும் ஒன்றே என்பதால், மறுப்புக்குக் காரணம் காட்டுவது அரசு வழக்கறிஞர்களுக்கு ஒவ்வொரு முறையும் சங்கடமாயிற்று.

அந்த உத்தியின் பெரும் சோதனை ‘ராம் கே நாம்’ (ராமரின் பெயரால், 1992). 1990 செப்டம்பர் 25 அன்று சோமநாதபுரத்திலிருந்து அயோத்தியை நோக்கிப் புறப்பட்ட அத்வானியின் ரத யாத்திரையைப் பின்தொடரும் இப்படம், பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6க்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது; பின்னால் நடந்ததை அறிந்து எடுத்த படமாகப் பார்த்தால் அதன் அருமை புலப்படாது. ராமர் எந்த நூற்றாண்டில் பிறந்தார் என்று கேட்டதும், கோயிலுக்காக உயிரையும் கொடுப்பதாக முழங்கிய இளைஞர்கள் விடை தெரியாமல் விழித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் காட்சி பலராலும் பேசப்பட்டது. ஆனால் படத்தின் உயிர் சர்ச்சைக்குரிய அவ்விடத்தில் நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டிருந்த பூசாரி லால்தாஸின் நேர்காணல்தான். ராமரின் பெயரைச் சொல்லிப் பணமும் வாக்கும் திரட்டுவோர் அங்கே வந்து வழிபட்டதேயில்லை என்று, காவி உடுத்திய அந்த மனிதர் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். இந்து நம்பிக்கைக்கும் இந்துத்துவ அரசியலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிஞரின் விளக்கம் ஏதுமின்றி, ஒரு பூசாரியின் வாயாலேயே நிறுவியதுதான் இப்படத்தின் சாதனை. லால்தாஸ் 1992இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறந்த புலனாய்வுப் படத்துக்கான தேசிய விருது பெற்றிருந்தும் தூர்தர்ஷன் படத்தை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, மசூதி இடிந்து பல ஆண்டுகள் கழித்து, அது நாட்டு மக்களின் வீடுகளை எட்டியது. உரிய காலத்தில் ஒளிபரப்பியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்பது விடைகாண முடியாத கேள்வி. காலந்தாழ்த்துவதும் ஒருவகைத் தணிக்கையே என்பதை மட்டும் இவ்வழக்கு ஐயமின்றிக் காட்டியது.

1995இல் வந்த ‘பித்ர, புத்ர அவுர் தர்மயுத்த’ (தந்தை, மகன், புனிதப் போர்) வகுப்புவாதத்தை ஆண்மை பற்றிய கற்பிதத்தோடு பிணைத்துப் பார்க்கிறது. அதன் முதற்பகுதி 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் ரூப் கன்வர் கணவரின் சிதையில் எரிந்த நிகழ்வையும் 1992–93 பம்பாய்க் கலவரத்தையும் எடுத்துக்கொள்ள, இரண்டாம் பகுதி தெருவோரத்தில் வீரிய மருந்து விற்பவரின் பேச்சிலிருந்து அரசியல் மேடைப் பேச்சுவரை ஒரே அச்சத்தின் பல வடிவங்களைத் தேடிச் செல்கிறது. இரண்டு தேசிய விருதுகள் பெற்ற இப்படத்தின் இரண்டாம் பகுதி ‘ஏ’ சான்றிதழ் பெற்றது என்பதையும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லித் தூர்தர்ஷன் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ. ஆர். லட்சுமணன் இடம்பெற்ற அமர்வு 2006 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. ஒரு படத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்தெடுத்து மதிப்பிடக் கூடாது, முழுமையாகவே பார்க்க வேண்டும்; அதைப் பார்ப்பவராகக் கொள்ள வேண்டியது சராசரி அறிவும் நலமான மனமும் உடைய குடிமகனையே என்ற அளவுகோலின்படி, படத்தை ஒளிபரப்புமாறு ஆணையிட்டது. படம் எடுத்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே பதினோரு ஆண்டுகள்.

1998 மே மாத அணுகுண்டுச் சோதனைகளை அடுத்து இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் எடுக்கப்பட்ட ‘ஜங் அவுர் அமன்’ (போரும் அமைதியும், 2002) அவருடைய படங்களுள் மிகவும் நகைச்சுவை மிக்கதும் கூட. லாகூர்ப் பள்ளியொன்றில் பாகிஸ்தானுக்கு அணுகுண்டு வேண்டும் என்று ஆவேசமாகப் பேசிக் கைதட்டல் வாங்கிய மாணவிகள், பின்னர் உரையாடும்போது, கைதட்டல் கிடைக்கும் என்பதால் அப்படிப் பேசியதாகச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கின்றனர். தேசபக்தியின் மேடைக்கூறு இதைவிடச் சுருக்கமாகப் பதிவானது அரிது. தணிக்கை வாரியம் 21 வெட்டுகளைக் கோரியது. அவற்றுள் ஒன்று, பிரதமர் உள்ளிட்ட அரசியல் தலைவர்கள் தோன்றிப் பேசும் காட்சிகள் அனைத்தையும் நீக்குவது. பொதுமேடையில் பேசியதைப் பொதுத்திரையில் காட்டக் கூடாது என்ற இந்த வாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை; 2003இல் ஒரு வெட்டும் இல்லாமல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவுக்கு இந்திய ஆவணப்படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று விதி கொண்டுவரப்பட்டபோது, அதை எதிர்த்துத் திரண்ட இயக்குநர்கள் ‘விகல்ப்’ (மாற்று) என்ற பெயரில் எதிர்விழா நடத்தினர். பட்வர்தன் அக்கூட்டு முயற்சியில் ஒருவர். தனி மனிதரின் வழக்காக இருந்தது அதன்பின் ஒரு தலைமுறையின் கோரிக்கையாயிற்று.

இவருடைய படங்களுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், பதினான்கு ஆண்டு உழைப்பில் உருவாகி 2011இல் வெளிவந்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்றே இக்கட்டுரை சொல்லும். 1997 ஜூலை 11 அன்று மும்பையின் ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டதில் பத்துத் தலித்துகள் உயிரிழந்தனர். நான்கு நாள் கழித்து, அக்கொடுமையைத் தாங்க மாட்டாமல் விலாஸ் கோக்ரே என்ற ஷாஹிர் தூக்கிட்டுக்கொண்டார். ஷாஹிர் என்பவர் மராட்டிய மரபில் மக்களிடையே பாட்டுக் கட்டிப் பாடும் புலவர். கோக்ரே ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர், பட்வர்தனின் நண்பர். இடதுசாரிக் கலைக்குழுவில் பாடி, அதிலிருந்து வெளியேற்றப்பட்ட அம்மனிதர், சாகும்போது தலையில் அம்பேத்கர் இயக்கத்தின் நீலத் துணியைக் கட்டியிருந்தார். ஒரு மார்க்சியப் பாடகர் கடைசி நேரத்தில் ஏன் நீலத்துக்குத் திரும்பினார் என்ற கேள்வி, சாதியை வர்க்கத்துக்குள் அடக்கிவிடலாம் என்று எண்ணிய இந்திய இடதுசாரிகளையும், அதன்வழி மேற்சாதியில் பிறந்த இடதுசாரியான இயக்குநரையும் நோக்கியே நீள்கிறது. டேங்கர் லாரிக்குத் தீ வைக்க முயன்றதால்தான் சுட்டோம் என்ற போலீசாரின் கூற்றை ஒளிப்பதிவுத் துண்டுகளைக் கொண்டு ஆராயும் பகுதி, புலனாய்வில் அவருக்குள்ள பொறுமைக்குச் சான்று. ஆனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தைத் தாங்கி நிற்பவை பாடல்களே. கோக்ரேயிடமிருந்து தொடங்கும் அந்தக் குரல் சம்பாஜி பகத்துக்கும், பின்னர் கபீர் கலா மஞ்ச் குழுவின் ஷீதல் சாட்டேக்கும் கைமாறுகிறது. வாதத்தைப் பாட்டு ஏற்றுக்கொண்டதால் வர்ணனைக் குரல் இங்கே மிகவும் குறைந்துவிட்டது. மும்பையின் தலித் குடியிருப்புகளில் திறந்த வெளியில் திரை கட்டி இப்படம் காட்டப்பட்டதும், அங்கே மக்கள் நள்ளிரவுவரை அமர்ந்து பார்த்ததும், படத்தின் நீளம் குறித்துத் திரைவிழா விமர்சகர்கள் எழுப்பிய ஐயத்துக்குப் போதிய பதில்.

2018இன் ‘விவேக்’ (பகுத்தறிவு) பகுத்தறிவுச் சிந்தனையாளர்களான நரேந்திர தபோல்கர், கோவிந்த் பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோரின் கொலைகளை மையமாகக் கொண்டு எட்டு அத்தியாயங்களாக விரிகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற இதைக் கேரளத்தின் ஆவணப்பட விழாவில் திரையிட 2019இல் மத்திய அரசு தணிக்கையிலிருந்து விலக்கு அளிக்க மறுக்க, கேரள உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு அது காட்டப்பட்டது. கலை நோக்கில் இப்படம் முந்தையதற்கு ஈடாகாது. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. தனியொரு மனிதரோடு நெடுநேரம் இருக்கும் அவருடைய பழைய நிதானம் அவசரத்தில் கரைந்துவிடுகிறது. அவர் ஒருபக்கச் சார்பாளர் என்ற பழைய குற்றச்சாட்டு வேறு வகையானது. நடுநிலை வகிப்பதாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. எதிர்த்தரப்பினரையும் கேமரா முன் போதுமான அளவு பேசவிட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே வைத்திருப்பதால், அச்சார்பைப் பார்வையாளர் எடைபோட்டுக்கொள்ள முடிகிறது. கேள்வி கேட்பவரும் வெட்டித் தொகுப்பவரும் ஒருவரே என்பதால் கடைசிச் சொல் எப்போதும் அவரிடமே இருக்கிறது என்ற விமர்சனத்தில்தான் நியாயம் மிகுதி. ‘ஹமாரா ஷஹர்’ பெண்ணின் சாடலைப் போன்ற இடங்கள் பிற்காலப் படங்களில் அருகிவிட்டன.

2014இல் மும்பை விழாவின் சாந்தாராம் வாழ்நாள் சாதனை விருதைப் பெற்ற அவர், மறு ஆண்டு அக்டோபரில், எழுத்தாளர் கொலைகளும் சகிப்பின்மையும் பெருகியதைக் கண்டித்துத் தேசிய விருதைத் திருப்பியளித்த இயக்குநர்களோடு சேர்ந்துகொண்டார். தூர்தர்ஷனின் கதவைத் தட்டுவதற்கு ஒருகாலத்தில் அவருக்குத் துணைநின்ற அதே விருதுதான் அது. தனியார் அலைவரிசைகளும் இணையமும் வந்தபின் தூர்தர்ஷனில் இடம்பெறுவதற்கு அன்றிருந்த மதிப்பு இன்றில்லை. தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால், வெட்டுகளை ஏற்க மறுக்கும் இயக்குநர் நேரே உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். முந்தைய படங்களின் விற்பனையிலிருந்து அடுத்த படத்துக்குப் பணம் சேர்த்து, ஒரு படத்துக்காகப் பதினோராண்டு வழக்காடிய பட்வர்தனுக்கே கடினமாக இருந்த வழி, முதற்படத்தைக் கையில் வைத்திருக்கும் ஓர் இளம் இயக்குநருக்கு இன்று ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது. அவர் வென்ற தீர்ப்புகள் சட்ட நூல்களில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தத் தேவையான பணமும் காலமும் வழக்கறிஞரும் பெரும்பாலோரிடம் இல்லை.